காரப்பேட்டை வரைக்கும் மிதிப்போமா?



போன இதழ் வெளிவந்த கையோடு திருமுடிவாக்கத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் குன்றத்தூர் வழியாகக் கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் போகிறவர்களைப் பற்றிய கடிதம். எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை, முதுகில் ஒரு நோயின் பெயர் அல்லது ஓர் அறக்கட்டளையின் சின்னம், பின்னால் ஒரு வேன். "இவங்க மிதிச்சா யாருக்குங்க நோய் குணமாகும்? அந்தச் சைக்கிள் விலைக்கு ஒரு குடும்பம் எத்தனையோ மாசம் சாப்பிடலாம். கொடுக்கிற காசை நேரா ஆஸ்பத்திரியில கட்டிட்டு வீட்டுல இருக்கக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறார்.

கிண்டலுக்காகக் கேட்ட கேள்வி இல்லை இது. வீட்டில் யாரையோ மாதக்கணக்கில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் வந்த களைப்பு அந்த வரிகளில் தெரிகிறது. அப்படிப்பட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது. இந்த மாதப் பக்கம் முதலில் அவருக்கு. அதோடு உங்கள் எல்லோரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

1980-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பில்லி ஸ்டார் என்ற இளைஞர், தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கடலோர ஊரான பிராவின்ஸ்டவுன் வரை சைக்கிளில் போனார். மொத்தம் 36 பேர். தெரிந்தவர் அறிந்தவரிடமெல்லாம் கேட்டு அவர்கள் திரட்டியது 10,200 டாலர். அதை பாஸ்டனில் உள்ள டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்குக் கொடுத்தார்கள். 'பான்-மாஸ் சேலஞ்ச்' என்ற பெயரில் அந்தப் பயணம் இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. 2024-ல், தொடங்கிய நாளிலிருந்து திரண்ட தொகை 100 கோடி டாலரைத் தாண்டியது. அந்த 36 பேரும் தங்கள் பையிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்திருந்தால், அது அந்த வருஷத்தோடு முடிந்திருக்கும்.

கொடுப்பதைவிடக் கேட்பது கடினம். பக்கத்து மேசைக்காரரிடம், மச்சானிடம், பள்ளித் தோழரிடம் போய், முகம் தெரியாத ஒரு நோயாளிக்காகக் காசு கொடு என்று சும்மா கேட்டுவிட முடியாது. நா எழாது. "இந்த ஞாயிறு நூறு கிலோமீட்டர் மிதிக்கப் போறேன், ஒரு கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் கொடு" என்றால் கேட்க வாய் வருகிறது. கேட்கப்படுகிறவருக்கும் மறுக்க மனம் வருவதில்லை. இது நமக்குப் புதிது இல்லை. மடிப்பிச்சை எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வசதியான வீட்டுப் பெண்கூட, பிள்ளைக்கு உடம்பு தேறினால் செய்வதாக வேண்டிக்கொண்டு, முந்தானையை ஏந்தி நாலு வீட்டு வாசலில் நின்று கேட்பார். மடியில் விழுந்ததைத்தான் உண்டியலில் சேர்ப்பார். உண்டியலில் போட அவரிடம் காசு இல்லாமல் இல்லை. தன் வேண்டுதலில் தெருவையே சேர்த்துக்கொள்கிறார். உடம்பை வருத்திக்கொண்டு ஒருவர் வந்து கேட்டால், நம் ஊரில் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள்.

சாலையில் போகிறவருக்குக் கொடுப்பதும் நம் மண்ணில் ஊறியதுதான். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் இதே குன்றத்தூர்க்காரர். அவர் வரலாறு சொல்லும் அடியார்களில் திங்களூர் அப்பூதியடிகளும் ஒருவர். நேரில் பார்த்தே இராத திருநாவுக்கரசரின் பெயரில் வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர்ப்பந்தல் வைத்தவர் அவர். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு வழியெங்கும் மோரும் சோறும் கொடுக்கிறவர்கள் அவர் வழி வந்தவர்களே. நீண்ட தூரச் சைக்கிள் பயணத்தில் இருபது முப்பது கிலோமீட்டருக்கு ஒரு முறை தண்ணீரும் வாழைப்பழமும் கடலைமிட்டாயும் வைத்துக்கொண்டு மரத்தடியில் காத்திருக்கிறார்களே, அந்தத் தொண்டர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் திங்களூர் ஞாபகம் வரும்.

அடுத்து, ஏன் கூட்டமாகப் போக வேண்டும்? தனியாளாகப் போயும் காசு திரட்டலாமே. இதைப் புரிந்துகொள்ள, நன்றாகப் பழகிய ஒரு குழுவின் பின்னால் பைக்கில் கொஞ்ச தூரம் போய்ப் பார்க்க வேண்டும். முன்னால் போகிறவர் எதிர்காற்று முழுவதையும் நெஞ்சில் வாங்குகிறார். அவர் பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவருக்குக் கால்வாசி உழைப்பு மிச்சமாகிறது, வேகம் கூடினால் அதற்கு மேலும். அதனால் யாரும் முன்னாலேயே இருப்பதில்லை. சில நிமிஷம் இழுத்துவிட்டு, கையால் சைகை காட்டி ஒதுங்கி, வரிசையின் கடைசிக்குப் போய்ச் சேர்ந்துகொள்வார். அடுத்தவர் முன்னுக்கு வருவார். சாலையில் குழி வந்தால் முதல் ஆள் விரலைக் கீழே நீட்டிக் காட்டுவார். அதைப் பார்த்து இரண்டாவது ஆள் காட்டுவார், பிறகு மூன்றாவது ஆள். பத்தாவது ஆளுக்கு முன்னால் என்ன இருக்கிறதென்றே தெரியாது, ஆனாலும் அவர் சக்கரம் குழியில் இறங்காது. பின்னால் கன்டெய்னர் லாரி வந்தால் குரல் கடைசியிலிருந்து முன்னால் போகும்.

கடைசி ஆளுக்கும் பின்னால் ஒருவர் வருவார். 'ஸ்வீப்' என்பார்கள். குழுவிலேயே நன்றாக மிதிக்கத் தெரிந்தவரைத்தான் பெரும்பாலும் அந்த இடத்தில் வைப்பார்கள். யார் எவ்வளவு மெதுவாகப் போனாலும் அவருக்கும் பின்னால்தான் போக வேண்டும் என்பதே அவருக்கு விதி.

சுங்குவார்சத்திரம் பக்கம் நெடுஞ்சாலையோரத்தில் அப்படி ஒருவர் வேலை செய்வதை நின்று பார்த்திருக்கிறேன். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாவின் சைக்கிளில் பின்சக்கரம் பஞ்சர். ஸ்வீப்பாக வந்த பையன் சக்கரத்தைக் கழற்றி, பிளாஸ்டிக் நெம்புகோலால் டயரின் ஒரு பக்கத்தை விடுவித்து, ட்யூபை உருவினான். உடனே புது ட்யூபைப் போட்டுவிடவில்லை. டயரின் உள்பக்கம் முழுவதையும் விரல் நுனியால் மெல்லத் தடவிக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் விரல் நின்றது. தலைமுடி கனத்தில் ஓர் எஃகுக் கம்பித் துண்டு. லாரி டயர் வெடித்துச் சிதறும்போது அதற்குள்ளிருக்கும் கம்பிகள் நைந்து சாலையெல்லாம் கிடக்கும். அந்தத் துண்டை எடுக்காமல் எத்தனை ட்யூப் மாற்றினாலும் அடுத்த கிலோமீட்டரில் மறுபடி காற்று இறங்கிவிடும். நகவெட்டியால் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ட்யூபை மாட்டி, பம்ப் அடித்தான். அந்த அம்மா அதற்குள் வேனில் ஏறி உட்கார்ந்துவிட நினைத்தார். "ஏறிடாதீங்கம்மா, அஞ்சு நிமிஷம்தான். உங்க பின்னாலயே வர்றேன்" என்றான். அவர் மிதித்தே ஊர் போய்ச் சேர்ந்திருப்பார் என்று நம்புகிறேன்.

தனியாகப் போனால் முடியாதவரும் குழுவோடு போனால் முடித்துவிடுகிறார் என்பதை இதைவிட அழுத்தமாகக் காட்டிய பயணங்கள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. 19 வயதில் கிளாக்கோமாவால் பார்வையை இழந்த திவ்யான்ஷு கணாத்ரா, புனேயில் தொடங்கிய அமைப்பின் மூலம், மணாலியிலிருந்து கர்துங்லா கணவாய்க்கு இரட்டை இருக்கைச் சைக்கிள்களில் குழுவாகப் போக வழி செய்தார். முன் இருக்கையில் பார்வையுள்ளவர், பின் இருக்கையில் பார்வையற்றவர். பெடல் இருவருக்கும் ஒரே செயினில் ஓடுகிறது. முன்னால் இருப்பவர் கியர் மாற்றப்போவதையும் வளைவு வருவதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஹைதராபாதின் ஆதித்ய மேத்தா, விபத்தில் காலை இழந்த பிறகு 2013-ல் ஆசிய பாரா சைக்கிள் போட்டியில் இரண்டு வெள்ளிப் பதக்கம் வென்றவர். அவர் பெயரில் உள்ள அறக்கட்டளை 2020-ல் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை மாற்றுத்திறனாளிகளைக் குழுவாக அழைத்து வந்தது. அதில் ஒற்றைக் காலால் மிதித்துக்கொண்டு வந்தார் தான்யா டாகா. அந்த அறக்கட்டளையின் பயணங்கள், அவர்களைப் போன்றவர்களுக்குச் செயற்கை உறுப்பும் விளையாட்டுப் பயிற்சியும் கிடைக்க நிதி திரட்டுவதற்காக. நீலகிரியில் 2008-ல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' பயணத்தில் கல்லட்டி மலைச்சாலையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுகிறவர்களிலும், நிதி திரட்டும் பொறுப்போடு வருகிறவர்கள் உண்டு.

கடல் தாண்டியும் ஒன்று சொல்ல வேண்டும், சைக்கிள் இல்லாவிட்டாலும். 2011-ல் இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை 670 கிலோமீட்டர், 27 நாள் பலர் சேர்ந்து நடந்தார்கள். யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுவதற்காக. போர் முடிந்து இரண்டே ஆண்டு. சிங்கள ஊர்களில் புறப்பட்ட நடைக்கு, வடக்கே தமிழ் ஊர்களில் மக்கள் தண்ணீர் கொடுத்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து, தெற்கே காலியில் உள்ள கராப்பிட்டிய மருத்துவமனைக்காகப் பருத்தித்துறையிலிருந்து தெற்கு நோக்கி நடந்தார்கள். இந்த இரண்டாவது நடைதான் என் மனசில் அதிகம் நிற்கிறது.

வாசகியின் கடிதத்தில் வெளிப்படையாகக் கேட்காத, ஆனால் உள்ளே இருக்கிற கேள்வி ஒன்று உண்டு. திரட்டிய காசு முழுதாகப் போய்ச் சேர்கிறதா? இது நியாயமான சந்தேகம். அமெரிக்காவில் 1994-ல் 'கலிஃபோர்னியா எய்ட்ஸ் ரைடு' தொடங்கியது. சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை ஒரு வார சைக்கிள் பயணம். பெரும் தொகை திரண்டது. ஆனால் பயணத்தை நடத்துகிற செலவே அதில் அதிகம் தின்கிறது என்ற குறை எழுந்தது. கடைசியில், காசைப் பெற வேண்டிய தொண்டு அமைப்புகளே 2002-ல் விலகித் தங்கள் பயணத்தைத் தாங்களே நடத்தத் தொடங்கின. பான்-மாஸ் சேலஞ்சில் ஏற்பாடு வேறு. ஓட்டுகிறவர் கேட்டுத் திரட்டிய பணம் அப்படியே புற்றுநோய் நிலையத்துக்குப் போகிறது. டிஷர்ட், சாப்பாடு, வேன், தங்குமிடம் எல்லாம் பதிவுக் கட்டணத்திலிருந்தும் நிறுவனங்கள் தருவதிலிருந்தும். இரண்டு பெட்டி, இரண்டு கணக்கு. இதைச் செய்யாத எந்தப் பயணத்துக்கும் நான் காசு கொடுக்க மாட்டேன், உங்களையும் கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

இனி என் வேண்டுகோள்.

நம் பகுதியைப் போல வண்டிக்கென்றே வாழ்கிற பகுதி தமிழ்நாட்டில் வேறு எங்கே இருக்கிறது? இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் வெளிவருகின்றன. ராயல் என்ஃபீல்டு ஒரகடத்தில் 2013-லும் வல்லம் வடகாலில் 2017-லும் தொழிற்சாலை திறந்தது. யமஹா பைக்கும், லாரியும், டயரும் இங்கேயே தயாராகின்றன. நட்டு, போல்ட்டு, பேரிங் பெயரெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவர்கள் நம் வாசகர்கள். ஆனால் ஞாயிறு காலை சாலையில் போகிற நன்கொடைப் பயணம் எல்லாம் சென்னையிலிருந்து வந்து, நம்மைக் கடந்து, வேறு எங்கோ போகிறது. ஏன் ஒன்று இங்கிருந்து புறப்படக் கூடாது?

போக வேண்டிய இடமும் பக்கத்தில் இருக்கிறது. 1969 பிப்ரவரி 3-ல் அண்ணாவை நம்மிடமிருந்து பறித்தது புற்றுநோய். அவர் பிறந்த காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டையில், அவர் பெயரால் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அங்கே சிகிச்சைக்குக் காசு வாங்குவதில்லை. செலவு வேறு வழியில் வருகிறது. கதிர்வீச்சுச் சிகிச்சை என்றால் பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து முதல் ஏழு வாரம். நோயாளி மெஷினுக்குக் கீழே படுத்திருப்பது தினமும் சில நிமிஷம்தான். அந்தச் சில நிமிஷத்துக்காகக் கிராமத்திலிருந்து பஸ் மாறி வந்து போவதில் அன்றைய பொழுது முடிந்துவிடும். கூட வருகிற கணவரோ மகளோ கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். நோய் பாதி குறையும்போது கைக்காசு முழுதும் தீர்ந்து, சிகிச்சையை நடுவிலேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. வழிச்செலவு, சாப்பாடு, பக்கத்தில் தங்க ஓர் இடம். நாம் திரட்டுவது இதற்குப் போகட்டும். மருத்துவமனை நிர்வாகத்திடமும் அங்குள்ள சமூகப் பணியாளரிடமும் பேசி, எப்படிக் கொடுத்தால் நோயாளியின் கைக்கே போய்ச் சேரும் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் ஒரு ரூபாய்கூட வசூலிக்க வேண்டும். கணக்கை நம் இதழில் வரி வரியாக அச்சிடுவோம். அந்தத் திருமுடிவாக்கம் வாசகியையே கணக்குப் பார்க்கக் கேட்டு எழுதியிருக்கிறேன். சந்தேகப்படத் தெரிந்தவர் கையில்தான் கணக்கு இருக்க வேண்டும்.

வழி இப்படி யோசித்திருக்கிறோம். குன்றத்தூரில் புறப்பட்டு சோமங்கலம், ஒரகடம், வாலாஜாபாத், காஞ்சிபுரம் வழியாகக் காரப்பேட்டை. திரும்பும்போது சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் வழி. எல்லாம் சேர்த்து நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பனி குறைந்து வெயில் ஏறாத காலமாக, தை பிறந்த பிறகு ஒரு ஞாயிறு நல்லது. மதியத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பிவிட்டால், கிழக்கே திரும்புகிறவர்களுக்கு அது நேராக முகத்தில் அடிக்கும். அதனால் இருட்டோடு புறப்பட்டாக வேண்டும். கியர் சைக்கிள்தான் வேண்டும் என்பது இல்லை. பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிளை இன்னும் வைத்திருக்கிறவர்கள் அதிலேயே வரலாம். செயினுக்கு எண்ணெய் போட்டு, பிரேக் கட்டையை மாற்றி, சீட்டைச் சரியான உயரத்துக்கு ஏற்றினாலே அது அந்தத் தூரம் போகும். ஹெல்மெட் இல்லாதவர் யாராக இருந்தாலும் புறப்பட விட மாட்டோம். புல்லட் வைத்திருக்கிறவர்கள் முன்னும் பின்னும் காவலாக வரட்டும். காவல் நிலையங்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதும், ஆம்புலன்ஸுக்கு ஏற்பாடு செய்வதும் எங்கள் பொறுப்பு.

இன்னொன்றையும் சேர்த்தே செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரகடம் சாலையில் இரவு ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் பாருங்கள். கம்பெனி பஸ்கள் போன பிறகு, ஒப்பந்தத் தொழிலாளர்கள் சைக்கிளில் அறைக்குத் திரும்புவார்கள். ஒடிசா, பிகார், நம் தென்மாவட்டங்கள் என்று எங்கிருந்தெல்லாமோ வந்த பிள்ளைகள். பழைய சைக்கிள், விளக்கு இல்லை, பின்னால் சிவப்புப் பட்டைகூட இல்லை. கன்டெய்னர் லாரிக்காரருக்கு அவர்கள் தெரிவது கடைசி நொடியில்தான். ஒளிரும் சட்டை போட்டுக்கொண்டு நாலு வண்டிக் காவலோடு நாம் மிதிக்கப்போகிற சாலை, தினமும் அவர்கள் வெறுமனே மிதிக்கிற அதே சாலை. நோயாளிக்காகத் திரட்டும் காசிலிருந்து இதற்கு எடுக்கக் கூடாது. சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டைக்கும் சின்ன பேட்டரி விளக்குக்கும் தனியாக ஒரு பெட்டி வைக்கலாம். பயணத்துக்கு முந்தைய சில மாலைகளில், டீக்கடைப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு சைக்கிளிலும் நாமே மாட்டிவிடலாம். அப்படியே பிரேக்கையும் பார்த்துவிடலாம். மிதிக்க உடம்பு இடம் கொடுக்காதவர்களுக்கு இந்த வேலை இருக்கிறது. அந்தப் பிள்ளைகளில் நாலு பேர் நம்மோடு காரப்பேட்டைக்கும் வந்தால், எதிர்காற்றில் நம்மை இழுத்துக்கொண்டு போக அவர்களைவிடப் பழக்கப்பட்ட கால்கள் கிடைக்காது.

விருப்பம் உள்ளவர்கள் ஓர் அஞ்சலட்டை போடுங்கள். பெயர், ஊர், வயது, சைக்கிள் இருக்கிறதா இல்லையா, மிதிக்க வருகிறீர்களா அல்லது தண்ணீர் கொடுக்கவா, பஞ்சர் பார்க்கவா, கணக்கு எழுதவா என்று குறிப்பிட்டால் போதும். வல்லம் வடகால் விடுதியில் தங்கியிருக்கும் தங்கைகளும் எழுத வேண்டும். 2024 ஆகஸ்டில் திறந்த அந்த விடுதியில் 18,720 பேர் தங்க இடம் இருக்கிறது, அங்கிருந்து பத்துப் பேர் வந்தாலே ஒரு குழு ஆகிவிடும். எழுதுகிறவர்கள் எந்த ஷிஃப்ட் என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். அதைப் பார்த்துத்தான் முதல் கூட்டத்துக்கு நேரம் வைக்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்